கல் விட்ட இடம்

பத்மாசினி முதன்முதலாக ஒரு மலையைப் பார்த்தபோது அதிசயப்படவில்லை.

1941 ஆம் ஆண்டு ஆவணி மாதம். ரயில் பகுதியில் கிளாக்கராக இருந்த எனக்குப் பண்டாரவளைக்கு மாற்றம் வந்திருந்தது. நானுஓயாவைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி மெதுவாகப் போனது. செங்குத்தான பாறை ஒன்றின் கீழே, சுளகிலிருந்து கொட்டியதுபோல, உடைந்த கற்கள் சரிந்து விரிந்து கிடந்தன. பெட்டியில் இருந்த எல்லோரும் யன்னலால் தலையை நீட்டி உச்சியைப் பார்த்தார்கள். அவள் மட்டும் அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ அத்தான், பெரிய கல்லெல்லாம் கீழை, சின்னன் மேலை. எங்கடை கும்பி மாதிரித்தான்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "என்ன, உங்கை கீழை வேலி இல்லை. சண்டையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் புட்டுப் பொதியை அவிழ்த்தாள்.

அவள் இறந்து, வருகிற பங்குனியோடு இரண்டு ஆண்டு ஆகிறது. நெருப்புக்காய்ச்சல். பதினொரு நாள். நான் வேலையை யாழ்ப்பாணத்துக்கே மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். போன கிழமை எங்கள் மகள், "நீங்களும் அம்மாவும் எப்பிடிக் கலியாணம் முடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு ஆறு வயது. அவளுக்குச் சொன்னபோது பாதியை விட்டுவிட்டேன். விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கத்து நிலம் கையால் தடவிவிட்டதுபோல மட்டமானது. மேலே இரண்டு முழம் செம்மண், அதன் கீழ் முழுவதும் சுண்ணாம்புக்கல். பாட்டனார் தம் தோட்டத்தில் பாதியைத் தங்கமுத்து மாமிக்குச் சீதனமாக எழுதினார். மற்றப் பாதி ஐயாவுக்கு வந்தது. ஐயாவின் பெயர் நமசிவாயம். மாமியை முடித்தவர் தில்லைநாதன் மாமா. பத்மாசினி அவர்களுடைய ஒரே மகள். நான் ஐயாவின் ஒரே மகன். ஒரு காணி, நடுவே ஒரு வேலி, வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் கறிச்சட்டி போகும், ஓலைப்பெட்டி வரும், மாமியும் அம்மாவும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்வருவார்கள். எனக்கும் பத்மாசினிக்கும் கலியாணம் என்பது யாரும் பேசி முடித்த விடயம் அல்ல. பேச வேண்டியதே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1930 இல் ஐயா எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினார். இரண்டு வீட்டுக்கும் அது பொதுக்கிணறு. இளவாலையிலிருந்து வந்த சந்தியோகு வெடி வைத்துக் கல் உடைத்தார். முப்பது அடி போனபிறகுதான் நல்ல தண்ணீர் கண்டது. உடைத்த கல்லையெல்லாம் ஓரிடத்தில் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது எங்கள் வீட்டு முகட்டின் உயரத்துக்கு வந்தது. ஊரில் அதை "நமசிவாயத்தின்ரை மலை" என்றார்கள். நாங்கள் கும்பி என்போம். வேலிக்கும் கும்பிக்கும் நடுவே ஒரு மாடு படுக்கக்கூடிய இடைவெளி இருந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு போகத்துக்கும் தோட்டம் கொத்தும்போது கிளம்புகிற கல்லையெல்லாம் ஐயா கும்பியிலேயே போடுவித்தார். வேலிப்பக்கம் போகக்கூடாது என்பதில் அவர் மிகவும் கவனம். "உச்சியிலை கொட்டு, உச்சியிலை" என்று கூலிக்காரனைச் சத்தம் போடுவார்.

வேலி அடைப்பதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு வருடம் எங்கள் பங்கு, அடுத்த வருடம் மாமாவின் பங்கு. மாசி மாதம், மழையெல்லாம் ஓய்ந்து மண் இறுகமுன், பட்டுப்போன கதியால்களுக்குப் பதிலாகப் புதுக் கதியால் நட்டு, ஓலை கட்டுவது. கதியால் என்றால் வேலிக்கு நடுகிற உயிர்த்தடி. நட்டால் வேர் விட்டுத் தழைக்கும். நாங்கள் கிளுவை நடுவோம். மாமா வீட்டில் முள்முருக்கு. கிளுவையில் ஆட்டுக்குக் குழை இல்லை என்று மாமாவும், முருக்கில் முள் என்று ஐயாவும் ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொள்வார்கள். 1931 எங்கள் முறை. அப்படியே மாறி மாறி வந்து 1938 மாமாவின் முறை.

அந்த ஆண்டு தை மாதம் நான் எழுதிய சோதனைக்கு மறுமொழி வந்து, வேலைக்கும் கடிதம் வந்துவிட்டது. பங்குனியில் நாள் பார்க்கலாம் என்று அம்மா பொட்டுக்குள்ளால் சொல்லிவிட்டு வந்தாள். மாசியில் மாமா வேலி அடைக்க இறங்கினார். அதோடு கும்பிக்கு நேரே தம் பக்கத்தில் ஒரு புகையிலைக் குடில் போட யோசித்து, கூரைக்குக் கிடுகு எத்தனை வேண்டும் என்று அறிய நிலத்தை அளந்தார். அன்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மச்சான், உந்தத் தலைப்பைப் பிடியும் காணும்" என்று மாமா கயிற்றைப் பொட்டால் நீட்டினார். ஐயா பிடித்தார். மாமா அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"பதினெட்டு முழம் இருக்கவேணும். பதினாலரைதான் இருக்குது."

"கயிறு சுருங்கியிருக்கும்" என்றார் ஐயா.

"கயிறு சுருங்கினால் கூட்டித்தான் காட்டும். குறைச்சுக் காட்டாது."

"அப்ப நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. இஞ்சை வந்து பாரும். அங்காலை நேராய் வருது, இங்காலை நேராய் போகுது, உம்முடைய கும்பியடியிலை மட்டும் வண்டி வைச்சு, வயிறு மாதிரி என்ரை பக்கம் தள்ளியிருக்குது."

"நான் கதியால் பிடுங்கி நட்டனான் எண்டு சொல்லுறீரோ?"

"கதியாலுக்குக் கால் இல்லையே மச்சான்."

இதை மாமா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒழுங்கையால் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டார்கள். ஐயாவின் முகம் மாறியது. தங்கையின் சீதனக் காணியைத் திருடியவன் என்ற பேச்சை எந்த அண்ணனும் தாங்கமாட்டான். அவர் கயிற்றைக் கீழே போட்டார். அதன்பின் இரண்டு பேரும் பேசியதை எழுத எனக்கு விருப்பம் இல்லை. சிலது பாட்டனார் காலத்துக் கதை. மாமி ஓடி வந்து, "அண்ணை, நீங்கள் உள்ளை போங்கோ. மூன்று முழம் நிலத்திலை எனக்கு என்ன கிடக்குது?" என்று அழுதாள். "மூன்றரை" என்றார் மாமா.

வழக்கு வைக்கக் கோட்டுக்குப் போவது என்று ஒரு பேச்சு எழுந்தது. மாமாவே அதை மறுத்தார். "கோடு வேண்டாம். வைரவருக்கு முன்னாலை கற்பூரத்தை அணைச்சுச் சொல்லட்டும், வேலி நட்ட இடத்திலைதான் நிக்குது எண்டு. நான் அதுக்குப்பிறகு வாய் திறக்கமாட்டன்."

"வாற வெள்ளிக்கிழமை" என்றார் ஐயா.

"அப்பிடியெண்டால் வெள்ளிக்கிழமை வரைக்கும் கலியாணக் கதையும் இல்லை" என்று சொல்லிவிட்டு மாமா இரண்டு கை நிறைய இலந்தை முள்ளைக் கொண்டுவந்து பொட்டை அடைத்தார்.

ஒழுங்கைத் தலைப்பில் இருந்த வைரவர் கோயில் சிறியது. ஆனால் சத்தியத்துக்குப் பெயர் போனது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துக்கொண்டு சொல்லவேண்டும். பொய் சொன்னால் அது சொன்னவனின் பிள்ளையில் போய் விழும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஐயா தாம் சொல்லப்போவது உண்மை என்று முழுவதாக நம்பியிருந்தார். அதுதான் எனக்குப் பயத்தைக் குறைத்தது.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் பயம் திரும்பி வந்தது.

ஐயாவும் அம்மாவும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். நான் கும்பிப் பக்கம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பாலிருந்து பத்மாசினியின் குரல் கேட்டது. ஆளைத் தெரியவில்லை. புது ஓலை.

"அத்தான், மாமாவைச் சத்தியம் பண்ண விடாதையுங்கோ."

"ஏன்? ஐயா களவெடுத்தவர் எண்டு நீயும் சொல்லுறியோ?"

"இல்லை. ஆனால் வேலி அசைஞ்சுதான் இருக்குது."

அவள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். பூமிசாஸ்திரப் புத்தகத்தில் ஒரு மலைச்சரிவின் படம் இருந்ததாம். வெயிலிலும் குளிரிலும் பாறை வெடித்து விழுந்து, விழுந்த கல் ஒரே சரிவாக நிற்கும், அது செங்குத்தாக வளராது, கீழே கீழே அகலும் என்று ஒரு பாடம். மலையைக் காணாத ஊரில் அதை வாசித்துவிட்டு, வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு வேறு வேலை இல்லாமல், எங்கள் கும்பியைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். போன புரட்டாதியில், மழைக்கு முன், மாமியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து வந்து, கும்பியின் சரிவில் இடமிருந்து வலமாக நேரே ஒரு கோடு இழுத்தாள். அது எனக்கும் தெரியும். அம்மா அதைப் பார்த்து, "எங்கடை மருமகள் கல்லுக்கும் விபூதி பூசுறாள்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"அந்தக் கோட்டை இப்ப பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். மழை பாதியைக் கழுவியிருந்தது. மீதி இருந்தது. இரண்டு ஓரத்திலும் கோடு போட்ட இடத்திலேயே நின்றது. நடுவில் தொய்ந்து, உடுப்புக் காயப்போடுகிற கொடிபோலக் கீழே இறங்கியிருந்தது. வெள்ளை பட்ட நாலைந்து கல் வேலியடிக்கே வந்து கிடந்தன.

"கல் தன்பாட்டிலை இறங்குது அத்தான். ஐப்பசி மழையிலை அடிமண் கரையுது, ஆடு ஏறுது, ஓணான் ஓடுது. வெயிலுக்குக் கல்லும் வெடிக்குது, மத்தியானத்திலை சத்தம் கேக்கும். மாமா உச்சியிலைதான் கொட்டுவிக்கிறார். ஆனால் மேலை கொட்டினது மேலையே நிக்காது. நெல்லைக் கொட்டிப் பாருங்கோ, உயர உயர அடியும் அகலும். அந்த அடி முதல் மாரியிலையே வேலிக்கு வந்திட்டுது."

"வந்தால்? கல் கதியாலைத் தள்ளிக்கொண்டு போகுமோ?"

"தள்ளாது. மூடும். மூடினால் அது பட்டுப்போம். பட்டதுக்குப் பதிலாய் மாசியிலை புதுசு நடுவினம். எங்கை நடுவினம் சொல்லுங்கோ."

நான் குனிந்து வேலியடியைப் பார்த்தேன்.

"கல்லுக்குள்ளை குழி தோண்ட அலவாங்கு இறங்குமோ? கல் விட்ட இடத்திலைதான் நடலாம். ஒரு சாண் தள்ளி. அடுத்த வருசம் இன்னொரு சாண்." அவள் குரல் தணிந்தது. "ஏழு வருசம், ஏழு சாண். மூன்றரை முழம்."

"அப்ப ஐயாதான் நகர்த்தியிருக்கிறார்."

"மாமா மட்டுமோ? ஆர் ஆருடைய முறை எண்டு எண்ணிப் பாருங்கோ. போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்கடை ஐயாவுக்கு முருக்கந்தடி எடுத்துக் குடுத்தது நான். 'உதிலை இறங்காது பிள்ளை, இஞ்சாலை நடுவம்' எண்டு அவர் சொன்னதை இந்தக் காதாலை கேட்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"சிரிக்காதையுங்கோ. வெள்ளிக்கிழமை மாமா கையை வைச்சு, வேலி நட்ட இடத்திலை நிக்குது எண்டு சொன்னால் அது பொய். அவருக்குத் தெரியாத பொய் எண்டு வைரவர் பார்ப்பாரோ? விழுந்தால் உங்களிலைதானே விழும்."

இப்படி ஒரு பெண்பிள்ளை வேலிக்கு மறுபுறம் நின்று எனக்காகப் பயந்ததை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. "கதியால் கல்லுக்கு உள்ளை இருக்கவேணுமே?" என்று கேட்டேன்.

"இருக்கும். ஓரத்திலை தொடங்குங்கோ, நடுவிலை கை வைச்சால் எல்லாம் இறங்கும்."

நான் நடுவிலேதான் கை வைத்தேன். ஒரு கல்லை உருவ, மேலிருந்து நாலு கல் வந்து விழுந்தன. ஒன்று என் கால் பெருவிரலில். வேலிக்கு அப்பால், "ஓரத்திலை எண்டு சொன்னனான்" என்றாள். ஓரத்துக்குப் போனேன். அங்கே கல் மெல்லிய படையாக இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு கதியால் தெரிந்தது. பட்டுப்போன முருக்கு. மாமாவின் முருக்கு. எங்கள் பக்கம், கல்லுக்கு அடியில். அதற்கு ஒரு சாண் உள்ளே கிளுவைக் கட்டை ஒன்று, பிடித்தவுடன் பொடிந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே இன்னொரு முருக்கு. அது பட்டுப்போகவில்லை. கல்லுக்குள் வெளிச்சம் தேடி வெள்ளையாக ஒரு தளிர் விட்டிருந்தது.

"என்ன தெரியுது?" என்று அவள் கேட்டாள்.

"உங்கடை, எங்கடை, உங்கடை" என்றேன்.

வேலிக்கு மறுபுறம் அவள் மூச்சு விட்டது கேட்டது.

அன்று பின்னேரம் ஐயாவிடம் சொன்னேன். அவர் கும்பியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஆர் உனக்கு உதைச் சொன்னது?"

"நானே பார்த்தனான் ஐயா."

"பொய். உனக்கு உந்த மூளை இல்லை. அந்தப் பெட்டைதான் சொல்லியிருப்பாள்." சால்வையை உதறித் தோளில் போட்டார். "வெள்ளிக்கிழமை நான் போகாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்? கையை வைக்கப் பயந்திட்டான் எண்டு சொல்லும். போய், வேலி அசைஞ்சது எண்டு சொன்னால்? கள்ளன் ஒத்துக்கொண்டான் எண்டு சொல்லும். எனக்கு எங்கை நட்டனான் எண்டு தெரியும். நட்ட இடத்திலைதான் நிக்குது."

"எந்த வருசம் நட்ட இடத்திலை?" என்று கேட்டேன். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். நல்லம்மா என்று பெயர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், வேலை செய்வாள். அன்று அடுப்பில் இருந்த பானையை இறக்கிவிட்டு, ஏற்கெனவே பெருக்கிய முற்றத்தை மறுபடியும் பெருக்கினாள். பெருக்கி முடித்துவிட்டு, கிணற்றடிக்குக் கேட்கும்படி, "எனக்கு இருக்கிறது ஒண்டு" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது ஐயாவைக் காணவில்லை. நேரே கோயிலுக்குப் போய்விட்டார் என்று நினைத்து நானும் அம்மாவும் ஓடினோம். அங்கே மாமாவும் மாமியும் பத்மாசினியும் ஒழுங்கைக்காரர் பத்துப் பதினைந்து பேரும் நின்றார்கள். ஐயா எங்களுக்குப் பிறகுதான் வந்தார். குளித்து, விபூதி பூசி, வேட்டி மாற்றியிருந்தார். ஆனால் முழங்கை இரண்டும் கீறலாக இருந்தது. நகத்துக்குள் செம்மண் கழுவியும் போகாமல் நின்றது.

பூசகர் சூலத்துக்கு முன்னால் இருந்த கல்லில் கற்பூரத்தைக் கொளுத்தினார். ஐயா கையை உயர்த்தினார். நான் பத்மாசினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை; அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கை உயர்ந்தபடியே நின்றது. பிறகு ஐயா அதைக் கீழே விட்டார்.

"வேலி அசைஞ்சிருக்குது" என்றார்.

ஒழுங்கைக்காரர் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. "கேட்டியளோ?" என்று சுற்றிப் பார்த்தார்.

"பொறும் காணும். நான் இன்னும் முடிக்கேல்லை. ஏழு முறை அசைஞ்சிருக்குது. அதிலை நாலு முறை நான் நட்டது. கல் வந்து கிடந்தது, கல் விட்ட இடத்திலை நட்டனான். மூன்றரை முழம் வருமெண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை. அது என்ரை பிழை." ஐயா எரிகிற கற்பூரத்தைப் பார்த்தார். "மிச்சம் மூன்று முறையும் ஆர் நட்டது எண்டு மச்சான் கையை வைச்சுச் சொல்லட்டும்."

"என்ன பேய்க்கதை இது?" என்றார் மாமா.

"முருக்கு நான் நடுறேல்லை."

மாமா விரல்களை மடித்தார். அவர் மனதில் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. முப்பத்திரண்டு, முப்பத்திநாலு, முப்பத்தாறு. கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாக எரிந்து முடிந்தது.

பிறகு எல்லோரும் எங்கள் வளவுக்கு நடந்தோம். கும்பியடியில் பத்தடி நீளத்துக்குக் கல் விலக்கியிருந்தது. ஐயா விடியமுன் தொடங்கியிருக்கவேண்டும். செம்மண்ணில் கதியால் கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. கிளுவை, முருக்கு, கிளுவை, முருக்கு. படிக்கட்டுப்போல ஒவ்வொரு சாணாக மாமாவின் காணிக்குள் இறங்கின. மாமா குந்தியிருந்து, வெள்ளைத் தளிர் விட்ட முருக்கை இரண்டு விரலால் தொட்டார்.

"என்ரை காணியை நானே கொத்திக் குடுத்திருக்கிறன்" என்றார்.

"கதியாலுக்குக் கால் இல்லையே" என்றார் ஐயா.

இரண்டு பேரும் சிரித்துக் கட்டிப்பிடித்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, சுண்ணாம்பு பட்ட கல்லைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ இதை எப்பவிருந்து அறிவாய்?" என்று மகளைக் கேட்டார். அவள் "புதன்கிழமையிலிருந்து" என்றாள். "பொட்டை நான் அடைச்சல்லோ விட்டனான்?" என்றார். அவள் தலையைக் குனிந்தாள். நானும் குனிந்தேன். அம்மாதான், "பொட்டை அடைச்சனீங்கள் அண்ணை, வாயை அடைச்சனீங்களோ?" என்று கேட்டாள். ஒழுங்கைக்காரர் சிரித்தார்கள். மாமாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஐயா பழைய எல்லைக்கே வேலி போகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். மாமா இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார். அது பெருந்தன்மை இல்லை, வெட்கம். ஐயா கேட்கவில்லை. பழைய எல்லைக்குப் போவதானால் கும்பியின் அடியை எடுக்கவேண்டும். அடியை எடுத்தால் மேலுள்ளது வரும். ஆகவே முழுக் கும்பியையும் உச்சியிலிருந்து இறக்கி, காணியின் மேற்குக் கோடியில் கொண்டுபோய்ப் பரப்புவது என்று முடிவாயிற்று. சந்தியோகு வந்து பார்த்துவிட்டு, "நான் ஒருக்காப் படைச்ச மலையை இப்ப நீங்கள் அழிக்கிறியள்" என்று சொல்லி, தம் பங்குக்கு இரண்டு நாள் நின்றார்.

பங்குனி முழுவதும் கல் சுமந்தோம். இரண்டு வீட்டாரும் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுப்பது. யார் எங்கே நிற்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அடுத்த இடம் ஒவ்வொரு நாளும் பத்மாசினியுடையதாக இருந்தது. அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வருவாள். கல்லை வாங்கும்போது அதன் அடியில் எங்கள் விரல்கள் முட்டும். ஒரு நாளைக்கு எத்தனை கல் என்று கணக்கில்லை. அவள் ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பாள். "கெதியாக் குடு மோனை" என்று மாமி பின்னால் நின்று சத்தம் போடுவாள். ஒரு கல்லில் நத்தை ஓட்டின் அடையாளம் இருந்தது. அவள் அதை மடியில் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தைப்போல ஒரு மாதம் எனக்கு அதன் பிறகு வரவில்லை. கையெல்லாம் கொப்புளம், முதுகு நிமிராது. சமைக்க நேரம் இல்லாததால் இரண்டு வீட்டுக்கும் ஒரே பானையில் கூழ்.

சித்திரைக்கு முன் நிலம் வெளித்தது. பாட்டனார் காலத்து எல்லை மண்ணில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. இனிக் கதியால் நடவேண்டும். அங்கேதான் வேலை நின்றது.

"மச்சான், நீர் நடும்" என்றார் மாமா.

"இது உம்முடைய வருசம்" என்றார் ஐயா.

"வேண்டாம். நீர் நட்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நீர் சொல்லமாட்டீர். ஊர் சொல்லும். நீரே நடும்."

இரண்டு பேரும் அலவாங்கைத் தொடவில்லை. ஒரு கிழமை போயிற்று, ஒரு மாதம் போயிற்று. எங்கள் ஆடு மாமாவின் கத்தரியைத் தின்றது. மாமாவின் மாடு எங்கள் வைக்கோலில் படுத்தது. ஆனியில் எங்கள் கலியாணம். வேலி இல்லாததால் பந்தலை இரண்டு காணிக்கும் நடுவே போட்டார்கள். பந்தல் பிரித்த பிறகும் வேலி இல்லை.

ஆடியில் ஒரு நாள் காலை மாமி வந்து, அடுத்த வளவு நாய் உள்ளே வந்து கோழி பிடிக்கிறது, இப்படியே விட்டால் எப்படி என்று முறையிட்டாள். ஐயாவும் மாமாவும் எல்லையில் வந்து நின்றார்கள். பத்மாசினி வீட்டுக்குள்ளிருந்து அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் கலியாணக் காப்பு இன்னும் இருந்தது.

"எங்கை நட? சொல்லுங்கோ."

"உந்தக் கோட்டிலை" என்றார் மாமா. "இல்லை, கொஞ்சம் எங்கடை பக்கம் வை. பிறகு கதை வரக்கூடாது."

"உங்கடை பக்கம் ஏன்?" என்றார் ஐயா. "எங்கடை பக்கம் ஒரு விரல் வை, மருமகள்."

"அது பிழை மச்சான். எங்கடை பக்கம்."

"நான் சொல்லுறதைக் கேளும். எங்கடை பக்கம்."

இரண்டு பேரும் கோபத்தோடுதான் பேசினார்கள். அவள் சிறிது நேரம் அலவாங்கில் சாய்ந்து நின்று கேட்டாள். பிறகு, "ரெண்டுபேரும் உள்ளை போங்கோ. நீங்களும்தான், அத்தான்" என்றாள். நாங்கள் மூவரும் போனோம். உள்ளே இருந்து அலவாங்கு மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் கல்லில் பட்டது. அவள் அதைத் தோண்டி எடுக்கும்வரை நிற்கவில்லை.

முதற் கதியாலை அவள் நட்டாள். மற்றவற்றை அடுத்த நாள் கூலிக்காரன் நட்டான். பத்து வருடமாயிற்று. எல்லாம் இப்போது மரமாகி ஒரே பருமனில் நிற்கின்றன. கிளுவையும் முருக்கும் கலந்த வேலி அது. இரண்டு வீட்டுத் தடியும் அன்று முற்றத்தில் கிடந்தன. அவள் எதை எடுத்தாள், எந்த இடத்தில் நட்டாள் என்று மகள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்மாசினியிடம் கேட்டு வைத்திருக்கலாம்.